நடக்க வைத்தவர்களின் கதை

நொண்டி நாடகங்களுக்கு ஏறக்குறைய ஒரே கதைதான். ஒருவன் தாசியிடம் சொத்தை இழக்கிறான், திருடுகிறான், பிடிபடுகிறான், தண்டனையாகக் காலை வெட்டிவிடுகிறார்கள். பிறகு ஒரு புண்ணியத் தலத்துக்குப் போய்ச் சேர்கிறான், கால் திரும்பக் கிடைக்கிறது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் தமிழில் இந்த வகை நாடகங்கள் பல எழுதப்பட்டன. திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் அந்தத் தலம் முருகனுடையது, சீதக்காதி நொண்டி நாடகத்தில் மக்கா. மதம் மாறினாலும் முடிவு மாறுவதில்லை. கால் வந்தால்தான் கதை முடியும்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் வரும் குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வியும், நான் பார்த்தவரை, அந்தக் கதையிலிருந்து வருவதுதான். "எப்ப சார் நடப்பான்?" வலிக்கிறதா, பேசுவானா, பள்ளிக்கு அனுப்பலாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். போனில் எடுத்த வீடியோவிலிருந்து நடக்கும் ஒருவரின் முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கணக்கிடும் ஒரு நிரலில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். அதற்காகப் படிக்க ஆரம்பித்தது லண்டன், பம்பாய், சென்னை என்று சுற்றி, கடைசியில் ஆரோவில்லுக்கு வடக்கே மரக்காணம் உப்பளக் கரையில் கொண்டுவந்து விட்டது. குழந்தைகளை நடக்க வைக்க ஏறக்குறைய 200 வருடமாக மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்ற கதை இது. நடந்து எங்கே போவது என்ற கேள்வி இதில் ரொம்பத் தாமதமாகத்தான் வருகிறது.

*

முதலில் நோயைப் பற்றி. நோய் என்ற சொல்லே சரியில்லை. கருவிலோ, பிரசவத்திலோ, பிறந்த கொஞ்ச காலத்துக்குள்ளோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்படும் காயம் இது. குறைமாதப் பிறப்பு, மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் இருப்பது, தொற்று, கவனிக்காமல் விட்ட கடுமையான மஞ்சள் காமாலை என்று காரணங்கள் பல. 1000 பிறப்புக்கு 2 முதல் 3 குழந்தைகள் என்பது உலக அளவில் நீண்ட நாளாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்தக் காயம் பிறகு பெரிதாவதில்லை, ஆறுவதுமில்லை. காலில் எந்தக் குறையும் இல்லாமல்தான் குழந்தை பிறக்கிறது. தசைக்குப் போகும் கட்டளைதான் குழம்பி வருகிறது. பெரும்பாலானவர்களுக்குத் தசை இறுகிக்கொள்ளும். எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுப்பதில்லை. அதனால் குதிகால் தரையில் படாது, முழங்கால் மடிந்தே இருக்கும், தொடைகள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று குறுக்கிடும். மூளையில் உள்ள காயம் அப்படியே இருக்க, உடல் மட்டும் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டே போகும்.

இதை முதலில் ஒழுங்காக எழுதிவைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். சின்ன வயதில் வந்த நோயால் அவருக்கே ஒரு பாதம் வளைந்து போயிருந்தது. 1836-இல் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போய், ஸ்ட்ரோமயர் என்ற மருத்துவரிடம் குதிகால் நாணை வெட்டிச் சரிசெய்துகொண்டார். திரும்பி வந்து அதே வைத்தியத்தை லண்டனில் மற்றவர்களுக்குச் செய்தார். 1861-இல் மகப்பேறு மருத்துவர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். கடினமான பிரசவம், குறைமாதம், பிறந்தவுடன் மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கும் பின்னாளில் வரும் கால் இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்பது அதன் சாரம். அதன் பிறகு ரொம்ப நாள் இதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர்.

அவரை மறுத்தவர் சிக்மண்ட் ஃபிராய்ட். கனவுகளுக்குப் போவதற்கு முன்னால் அவர் குழந்தைகளின் நரம்பு நோய்களைப் பார்த்த மருத்துவர். 1897-இல் இதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். கருவிலேயே ஏதோ நடந்திருக்கலாம், பிரசவம் கடினமானதே அதன் விளைவாக இருக்கலாம் என்றார். 1980-களில் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வுகள் ஃபிராய்ட் பக்கம்தான் சாய்ந்தன. பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல் எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்று தெரிந்தது. இது வெறும் மருத்துவ வாதம் இல்லை. "பிரசவத்துல இவ ஒழுங்கா முக்கல, அதான் பிள்ளை இப்படி" என்று மாமியார் சொல்ல, அதை இருபது வருடம் சுமக்கும் அம்மாக்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

*

இந்தியாவில் காலைப் பற்றிய பேச்சு முழுவதும் போலியோவின் நிழலில் வளர்ந்தது. அது அவ்வளவு பரவலான நோய். தமிழில் போலியோவுக்கு இளம்பிள்ளை வாதம் என்று பெயர், இதற்கு மூளை முடக்குவாதம். இரண்டிலும் 'வாதம்' இருப்பதால் கிராமத்தில் இரண்டும் ஒன்றாகவே பேசப்பட்டன. நடக்காத குழந்தை என்றால் "போலியோ கேஸ்". வைத்தியமும் ஒன்றாகவே இருந்தது: இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் கனமான பூட்ஸும் சேர்ந்த காலிபர்.

போலியோவில் தசை துவண்டு போகும், மூளை நன்றாக இருக்கும். துவண்ட காலுக்குக் காலிபர் முட்டுக்கொடுக்கும், குழந்தை எழுந்து நிற்கும். மூளை முடக்குவாதத்தில் தசை எதிர்த்து இழுக்கிறது. ஒரே காலிபர் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? சட்டமும் காலைத்தான் பார்த்தது. 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் எலும்பு, மூட்டு, தசைக் குறைபாடுகளோடு மூளை முடக்குவாதத்தையும் 'இயக்கக் குறைபாடு' என்ற ஒரே தலைப்பில் போட்டது. 2016-இன் புதிய சட்டம் அதன் பெயரைத் தனியாக எழுதியது, ஆனாலும் அதே தலைப்பின் கீழ்தான். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பேச்சும் பார்வையும் விழுங்குவதும் வலிப்பும்கூடப் பிரச்சினை என்பதை அந்தத் தலைப்பு சொல்வதில்லை.

*

கால் இல்லை, மூளைதான் விஷயம் என்று வைத்தியத்தையே திருப்பிப் போட்டவர்கள் ஒரு தம்பதி. பெர்ட்டா போபாத் பெர்லினில் உடற்பயிற்சி கற்றவர், கணவர் கார்ல் மருத்துவர். நாஜிகளிடமிருந்து தப்பி லண்டனுக்கு வந்த யூத அகதிகள். 1943-இல் பக்கவாதம் வந்த சைமன் எல்வெஸ் என்ற ஓவியருக்குச் சிகிச்சை கொடுத்தபோது பெர்ட்டா ஒன்றைக் கவனித்தார். உடம்பை வைக்கும் நிலையை மாற்றினால் தசையின் இறுக்கம் தளர்கிறது. அதுவரை இறுக்கம் என்றால் மாற்றவே முடியாதது என்றுதான் நினைத்திருந்தார்கள். 1951-இல் லண்டனில் அவர்கள் மையம் தொடங்கினார்கள். உலகம் முழுவதுமிருந்து தெரபிஸ்டுகள் அங்கே வந்து கற்றார்கள்.

போபாத் முறை தெரபிஸ்டின் கையை நம்பியது. குழந்தையைப் பிடித்து, சாய்த்து, தவறான அசைவைத் தடுத்து, சரியான அசைவை வரவைப்பது. தவறாக நடந்து பழகினால் மூளை அதையே கற்றுக்கொள்ளும் என்ற பயம் அதில் உண்டு. அதனால் நடப்பதற்கு முன்னால் சரியாக உட்காரணும், சரியாக மண்டியிடணும், சரியாக நிற்கணும். ஒவ்வொரு படியாக வருடங்கள் போகும். ஆனால் சிகிச்சை அறையில் வந்த அசைவு தானாகவே வீட்டு வாழ்க்கைக்குள் வந்துவிடாது என்பதைப் பிற்காலத்தில் போபாத் தம்பதியே ஒப்புக்கொண்டார்கள். ஒரு முறையைக் கண்டுபிடித்தவர்கள் அப்படிச் சொல்வது அபூர்வம்.

இந்தியாவில் இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். மிது ஆலூரின் மகள் மாலினி 1966-இல் மூளை முடக்குவாதத்தோடு பிறந்தார். மகளைச் சேர்த்துக்கொள்ள இந்தியாவில் பள்ளி இல்லை. மிது லண்டனில் சிறப்புக் கல்வி படித்துவிட்டு வந்து, 1972-இல் பம்பாயில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். படிப்பும் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய யோசனை. சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்பும் அப்படித்தான் வந்தது. அதுதான் பின்னாளில் வித்யாசாகர் ஆனது. அவரும் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மகனின் அம்மா.

ஒரே கூரை என்பது சாதாரண விஷயமாகத் தெரியலாம். அதற்கு முன்னால் இருந்த ஏற்பாட்டில் குழந்தை முதலில் நடக்கணும், அப்புறம்தான் பள்ளிக்கூடம். நடக்காத குழந்தைக்கு எழுத்தும் கிடைக்காது. மாலினி சிப் சக்கர நாற்காலியில்தான் இருந்தார் என்பது அவருடைய கதையில் தோல்வியாக வருவதே இல்லை. லண்டனில் மோட்டார் வைத்த நாற்காலியில் தனியாகச் சுற்றினார், இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கினார், ஒற்றை விரலால் தட்டச்சு செய்து 2010-இல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டார். நொண்டி நாடகத்தின் கடைசிக் காட்சி இல்லாமலேயே ஒரு கதை முடிய முடியும் என்று காட்டியவர்களில் அவர் ஒருவர்.

*

இன்னொரு பக்கம் நடையை அளக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. என்னை உள்ளே இழுத்தது இந்தப் பக்கம்தான். 1878-இல் ஓடும் குதிரையின் கால்களை வரிசையாகப் படமெடுத்த மைப்ரிட்ஜ், 1880-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடக்கச் சிரமப்படும் நோயாளிகளையும் அப்படியே படமெடுத்தார். பிறகு கணினி வந்தது. உடம்பில் பளபளக்கும் உருண்டைகளை ஒட்டி, பல காமிராக்களால் சூழ்ந்து, ஒவ்வொரு மூட்டின் கோணத்தையும் வரைபடமாக்கும் ஆய்வகங்கள் வந்தன. அமெரிக்காவின் கில்லெட் குழந்தைகள் மருத்துவமனை இதில் முன்னோடி. அங்கே வந்த 1000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் வீடியோக்களைக் கொண்டு, ஒரே ஒரு சாதாரண காமிரா போதும் என்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். நான் பார்த்த வேலை அந்த வரிசையில் ஒரு சின்னக் கடைசி.

ஆனால் இந்தத் துறையை நிஜமாக மாற்றிய அளவுகோலுக்குக் காமிராவே தேவைப்படவில்லை. 1997-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஐந்து நிலைகளை வகுத்தது. முதல் நிலை: எங்கும் தானாக நடப்பார். மூன்றாவது நிலை: கையில் பிடிமானத்தோடு நடப்பார். ஐந்தாவது நிலை: தலையைத் தூக்கி வைக்கவே உதவி தேவை. குழந்தை எவ்வளவு அழகாக நடக்கிறது என்று அது பார்ப்பதில்லை. வீட்டில், பள்ளியில், வெளியே வழக்கமாக எப்படி இடம் மாறுகிறது என்று மட்டும்தான் பார்க்கிறது.

2002-இல் அதே குழு 657 குழந்தைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து வளைகோடுகள் வரைந்தது. ஒவ்வொரு நிலையிலும் குழந்தையின் இயக்கத் திறன் வேகமாக ஏறி, 5 வயதை ஒட்டி, தீவிர நிலைகளில் அதற்கும் முன்பே, கிட்டத்தட்ட உச்சத்தைத் தொட்டு நிற்கிறது. மூன்று முதல் ஐந்தாம் நிலைவரை உள்ளவர்களுக்கு வளரிளம் பருவத்தில் அது கொஞ்சம் இறங்கவும் செய்கிறது என்று 2009-இல் வந்த தொடர்ச்சி சொன்னது. உடம்பு கனத்துப் போகிறது, தசைக்கு அதைத் தூக்கும் பலம் இல்லை.

இந்த வளைகோட்டை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் நடப்பான்" என்று மூன்று வருடம் காத்திருப்பது விலைமதிப்பற்ற மூன்று வருடங்களை விடுவது. அதே மாதிரி 12 வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, தினமும் மூன்று மணி நேரம் கம்பிகளுக்கு நடுவில் நிற்க வைப்பதும் இழப்புதான். முதலாவது அறியாமை, இரண்டாவது ஆசை. இரண்டுக்கும் செலவாவது குழந்தையின் வயது.

2013-இல் அயோனா நோவாக் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரின் குழு 64 சிகிச்சைகளை எடுத்து, ஆதாரத்தின் பலத்தைப் பார்த்து, போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டது. மரபான போபாத் முறைக்குப் பச்சை கிடைக்கவில்லை. பச்சை வாங்கியவற்றில் முக்கியமானது, குழந்தையும் குடும்பமும் தேர்ந்தெடுத்த ஒரு காரியத்தை அந்தக் காரியமாகவே திரும்பத் திரும்பச் செய்து பழகுவது. நடக்கக் கற்க நடக்க வேண்டும். ட்ரெட்மில்லில் உடம்பைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டாவது, வாக்கரோடாவது, கோணல்மாணலாகவாவது. கூடவே, எங்கே நடக்க வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.

*

மரக்காணம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஆரோவில்லிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து தமிழ்நாட்டில் உப்புக்குப் பெயர்போன இடம். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்தப் பக்கம்தான் என்று சொல்வார்கள். ஆற்றுப்படை எனக்கு இந்த விஷயத்தில் அடிக்கடி ஞாபகம் வரும் வகை. பரிசு வாங்கி வரும் பாணன் எதிரில் வரும் பாணனுக்கு வழி சொல்கிறான்: இந்த வழியாகப் போ, இன்ன ஊர் வரும், அங்கே இவர்கள் சோறு போடுவார்கள். எப்படிக் காலை எடுத்து வைப்பது என்று அவன் சொல்வதில்லை.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் போட்டுத் தொடங்கப்பட்டது. சுற்றியிருக்கும் கிராமங்களின் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக அங்கே 1990-களிலிருந்து இயங்கும் மையம் தீபம். புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. சென்னைப் பக்கம் போனால் இதே சாலையில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வரைபடத்தில் எல்லாம் பக்கம்தான். ஆனால் உப்பள வேலை தினக்கூலி. ஒரு நாள் சிகிச்சைக்குப் போனால் அன்றைய கூலி இல்லை. 10 வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் படியில் ஏற வேண்டும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள் மருத்துவமனையை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். உலக சுகாதார நிறுவனம் 1970-களின் இறுதியில் சமூகம் சார்ந்த மறுவாழ்வுக்கான கையேட்டை உருவாக்கத் தொடங்கியது. அதை எழுதியவர்களில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் பத்மானி மெண்டிஸ். மெக்சிகோ கிராமங்களில் வேலை பார்த்த டேவிட் வெர்னர் 1987-இல் படங்களோடு ஒரு பெரிய புத்தகம் போட்டார். முற்றத்தில் நான்கு கம்புகள் நட்டு, இரண்டு கம்புகளைக் குறுக்கே கட்டினால் நடை பழகும் கம்பிகள் தயார் என்று அதில் வரைந்திருக்கிறார். தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது வீட்டிலேயே பிசியோதெரபி என்பதும் அதில் ஒரு பகுதியாக இருந்தது.

மரக்காணம் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். பருவம் தொடங்கும்போது பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துத்தான் இறுக்குவார்கள். உப்பு நீரில் நின்று நின்று பாதம் வெடித்திருக்கும். அவருடைய மகளுக்கு 10 வயது, மூன்றாவது நிலைக்கும் நான்காவது நிலைக்கும் நடுவில் எங்கோ. நிரலைச் சோதிக்க வீடியோ எடுக்கலாமா என்று கேட்கப் போனபோது அந்த அக்கா சொன்னார்:

"எடுத்துக்க தம்பி. ஆனா இவ ரோட்டுல நடக்கணும்னுலாம் எனக்கு ஆச இல்ல. பாத்ரூமுக்கு தானா போய்ட்டு வந்தா போதும். நான் உப்பளத்துக்கு போய்ட்டா இவள யாரு தூக்குறது? இன்னும் ரெண்டு வருசத்துல பெரிய மனுசி ஆயிடுவா. அப்ப பக்கத்து வீட்டு ஆம்பளயவா கூப்புட முடியும்?"

முழங்கால் கோணத்தில் அடங்காத அளவு இது. வீட்டுக் கதவிலிருந்து கழிப்பறைக்கு, பெரியவர் ஒருவர் எட்டி வைத்தால் 6 எட்டு. அந்தப் பெண்ணுக்கு 14. நடுவில் மணல், வாக்கரின் சக்கரம் அதில் புதைந்துவிடும். கழிப்பறை வாசலில் ஒரு நிலைப்படி.

வாரம் ஒருமுறை வரும் தெரபிஸ்ட் அந்த 14 எட்டைத்தான் பயிற்சியாக எடுத்துக்கொண்டார். இந்தக் கரையெங்கும் சவுக்குத் தோப்பு உண்டு. சவுக்குக் கம்புகளை நட்டுக் கதவிலிருந்து கழிப்பறைவரை இடுப்பு உயரத்தில் ஒரு பிடிமானம் கட்டினார்கள். மணல்மேல் சிமென்ட் பலகை போட்டார்கள். கொத்தனார் அரை நாளில் நிலைப்படியை உடைத்துச் சரிவாக்கினார். உள்ளே பிடித்துக்கொண்டு உட்கார நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி. பயிற்சி என்பது தினமும் தேவைப்படும்போதெல்லாம் அங்கே போய்வருவது, அவ்வளவுதான்.

காலை விட்டுவிட்டு வீட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இறுக்கத்தைக் குறைக்கும் ஊசி, இரவில் போடும் ஸ்பிளின்ட், இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை எல்லாமே அந்தப் பெண்ணுக்கு வேண்டும். எழுந்து நிற்காத இடுப்பு வலிக்க ஆரம்பிக்கும். அந்த அக்காவின் கேள்வி இவற்றையெல்லாம் வரிசைப்படுத்த உதவுகிறது. இந்தப் பயிற்சி எதற்கு என்று தெரிந்தால், எப்போது போதும் என்பதும் தெரியும்.

வீட்டுக்கு வெளியே அந்தக் கேள்வி ஊரைப் பார்த்துத் திரும்புகிறது. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி கடல்வரை போக 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியை உடைத்தது, திரும்பச் சரிசெய்தார்கள். அதுவரை அந்தக் கடலுக்குப் போக முடியாமல் இருந்தவர்களின் கால்களில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸின் முதல் படி இன்னும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது.

போன மாதம் அந்த அக்கா போனில் பேசினார். மகள் இப்போது பகலில் தானாகப் போய்வருகிறாளாம். ராத்திரியில் மட்டும் கூப்பிடுகிறாளாம், இருட்டில் கம்பு தெரிவதில்லை என்று. ஒரு பல்பு போட எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.